நம்பிக்கையில் தொடங்கும் அறிவு: தாமஸ் ரீடும் ஸ்காட்லாந்தின் இயல்பறிவு மெய்யியலும்



"கேள்வி கேட்கப் பழகு, ஆராயாமல் எதையும் நம்பிவிடாதே" என்று மாணவர்களுக்கு நாம் ஓயாமல் சொல்லி வருகிறோம். பாடத்திட்டம் உயர்நிலைச் சிந்தனையை வலியுறுத்துகிறது. கைப்பேசியில் வந்து குவியும் பொய்ச் செய்திகளைப் பார்க்கும் பெற்றோரும் தம் பிள்ளைகள் எதையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்று விரும்புகின்றனர். இது தேவையான பயிற்சி என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆயினும் இங்கே ஆழ்ந்து எண்ணவேண்டிய ஒன்று உண்டு. முதலாம் ஆண்டு வகுப்பில் வந்து அமரும் குழந்தையிடம், பலகையில் ஒரு வடிவத்தை எழுதி, "இதுதான் 'அ'" என்கிறோம். குழந்தை அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. "இதற்குச் சான்று என்ன?" என்று அது கேட்பதில்லை. எழுத்து, எண், பொருள்களின் பெயர், உறவுமுறை எனத் தொடக்கக் கல்வி முழுவதும் இந்த நம்பிக்கையின்மீதே நிற்கிறது. அப்படியானால் அறிவு ஐயத்தில் தொடங்குகிறதா, நம்பிக்கையில் தொடங்குகிறதா?

18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து நாட்டில் இக்கேள்வியை நேர்நின்று எதிர்கொண்ட மெய்யியல் மரபு ஒன்று இருந்தது. அதன் தலைமகன் தாமஸ் ரீட். டேக்கார்ட், ஹியூம், காண்ட் ஆகியோரை அறிந்தவர்கள்கூட இவரைப் பெரிதும் அறிந்திருப்பதில்லை. கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோர் இவரை அறிந்துகொள்ளுதல் நன்று.

பெயர் விளக்கம்

ஆங்கிலத்தில் 'காமன் சென்ஸ்' எனப்படும் சொல்லே இம்மரபின் பெயராக அமைந்தது. இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது? 'பொது அறிவு' என்றால் நம் பள்ளிகளில் புதிர்ப்போட்டிதான் நினைவுக்கு வரும். 'பொதுப்புத்தி' என்னும் சொல்லோ, ஊரார் ஆராயாமல் பற்றிக்கொண்டிருக்கும் கருத்து என்னும் பொருளில் இன்று இதழ்களில் வழங்குகிறது. ரீட் கருதியது இவ்விரண்டும் அன்று. கற்றவர், கல்லாதவர் என்னும் வேறுபாடின்றி, மனிதராய்ப் பிறந்த எல்லாரும் இயல்பாகக் கொண்டுள்ளதும், எவரும் வாதிட்டு நிறுவாமலேயே வாழ்வில் சார்ந்திருப்பதுமான அடிப்படைத் தீர்ப்பறிவையே அவர் கருதினார். ஆகவே இக்கட்டுரையில் 'இயல்பறிவு' என்னும் சொல்லை ஆள்கிறேன்.

ஐயம் வளர்ந்த வரலாறு

17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பழைய நம்பிக்கைகள் பல ஆட்டங்கண்டன. பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்னும் கொள்கை வலுப்பெற்றது. சமயப் பிளவுகளால் போர்கள் மூண்டன. எதை உறுதியென்று கொள்வது என்னும் கலக்கம் கற்றோரிடையே பரவியது. பிரான்சு நாட்டு அறிஞர் ரெனே டேக்கார்ட், 1641இல் வெளியிட்ட தம் நூலில் இதற்கொரு வழி கூறினார். ஐயுற முடிந்த அனைத்தையும் ஐயுற்றுப் பார்ப்பது; எது எஞ்சி நிற்கிறதோ அதன்மீது அறிவைக் கட்டுவது. கண் ஏமாற்றலாம்; நாம் காண்பது கனவாக இருக்கலாம்; வல்லமை மிக்க தீய ஆவியொன்று நம்மை மயக்கிக்கொண்டிருக்கலாம். எனினும் ஐயுறுகின்ற நான் இருக்கிறேன் என்பதை மட்டும் ஐயுற இயலாது. அந்த ஒரு புள்ளியிலிருந்து கடவுளையும் உலகையும் மீட்டெடுக்க அவர் முயன்றார்.

அடுத்து வந்தவர் இங்கிலாந்தின் ஜான் லாக். 1689இல் வெளியான அவருடைய பெருநூல், மனம் நேரடியாக அறிவது வெளிப்பொருள்களை அன்று, அவை மனத்தில் தோற்றுவிக்கும் படிமங்களையே என்றது. பூட்டிய அறைக்குள் இருக்கும் ஒருவர் சுவரில் தொங்கும் படங்களைக் கொண்டே வெளியுலகை அறிவது போன்றது இது. கேட்பதற்கு எளிய கருத்தாகத்தான் தோன்றும். ஆனால் இதிலிருந்து கிளைத்தவை எளியவை அல்ல.

அயர்லாந்தின் ஜார்ஜ் பார்க்லி 1710இல் கேட்டார்: நாம் காண்பவை படங்கள் மட்டுமே என்றால், வெளியே பொருள் உண்டு என்பதற்கு என்ன சான்று? மனங்களும் மனப்படிமங்களுமே உள்ளன; சடப்பொருள் என ஒன்று இல்லை என்றார் அவர். எடின்பரோவில் பிறந்த டேவிட் ஹியூம் இன்னும் ஒரு படி சென்றார். 1739, 1740 ஆம் ஆண்டுகளில் அவருடைய 'மனித இயல்பு பற்றிய ஆய்வுரை' வெளிவந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நெருப்பு சுடும் என்பதைக் காரணத்தால் அறிந்தோமா, பழக்கத்தால் எதிர்பார்க்கிறோமா என்று அவர் கேட்டார். 'நான்' என்று நாம் சொல்வதும், மாறிமாறி வந்துபோகும் உணர்வுகளின் தொகுதியே அன்றி வேறில்லை என்றார். ஆக, டேக்கார்ட் இறுதியாகப் பற்றிநின்ற 'நான்' என்னும் அந்தப் புள்ளியும் கரைந்தது.

ஹியூம் நேர்மையானவர். படிப்பறையைவிட்டு வெளியே வந்து நண்பர்களோடு உண்டு, உரையாடி, விளையாடி மகிழ்ந்தபின் தம் ஐயங்கள் தமக்கே பொருந்தாதனவாகத் தோன்றின என்று அவரே எழுதியிருக்கிறார். அறிவு ஒரு பக்கமும் வாழ்வு மறு பக்கமுமாகப் பிரிந்து நின்ற நிலை அது.

இந்நிலையைப் பலரும் நகைத்து ஒதுக்கினர். 1763இல் இங்கிலாந்தின் சாமுவேல் ஜான்சன், பார்க்லியின் கொள்கையை இப்படித்தான் மறுக்கிறேன் என்று கூறி ஒரு பெருங்கல்லைக் காலால் உதைத்த கதை புகழ்பெற்றது. ஆனால் உதைத்தபோது ஏற்பட்ட வலியும் ஒரு மனப்படிமமே என்று பார்க்லியின் மாணவர் சொல்லிவிட முடியும். உதை ஒரு வாதம் ஆகாது. வாதத்தை வாதத்தால் சந்திக்க ஒருவர் தேவைப்பட்டார்.

அபர்தீனில் இருந்து ஒரு குரல்

தாமஸ் ரீட் 1710ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஸ்ட்ராகன் என்னும் சிற்றூரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். அவருடைய தாயார், கணிதத்திலும் வானியலிலும் பெயர்பெற்ற கிரகரி குடும்பத்தைச் சேர்ந்தவர். ரீட் அபர்தீன் நகரின் மாரிஷல் கல்லூரியில் பயின்று, 1737இல் நியூமாக்கர் என்னும் ஊரின் பாதிரியாரானார். இளமையில் பார்க்லியின் கொள்கையை முழுமையாக ஏற்றிருந்தவர் அவர். ஹியூமின் நூலைப் படித்தபோதுதான், தாம் ஏற்ற கொள்கை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கண்டு திடுக்கிட்டார். முடிவு இத்தனை பொருந்தாததாக இருந்தால் தொடக்கத்திலேயே ஏதோ பிழை இருக்க வேண்டும் என்று எண்ணி, தாம் கற்றவற்றை மீண்டும் முதலிலிருந்து ஆராயத் தொடங்கினார்.

1751இல் அபர்தீனின் கிங்ஸ் கல்லூரியில் ஆசிரியப் பொறுப்பேற்றார். அங்கே ஒரே ஆசிரியர் தம் வகுப்பை மூன்றாண்டுகள் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் முறை இருந்தது. கணிதம், இயற்பியல், அளவையியல், ஒழுக்கவியல் யாவற்றையும் அவரே கற்பிக்க வேண்டும். நம் வகுப்பாசிரியர் பொறுப்பை ஒருவாறு ஒத்தது என்று சொல்லலாம்.

1758இல் ரீடும் நண்பர்களும் ஒரு மெய்யியல் கழகத்தைத் தொடங்கினர். ஊரார் அதனை 'அறிவாளர் மன்றம்' என்று அழைத்தனர். ஜான் கிரகரி, ஜார்ஜ் கேம்பல் போன்றோர் அதில் இருந்தனர். இரு வாரங்களுக்கு ஒரு முறை உணவு விடுதியில் கூடிக் கட்டுரை படிப்பதும் வினாக்களை விவாதிப்பதும் வழக்கம். அங்கே அடிக்கடி விசாரிக்கப்பட்டவர் ஹியூம்தான்.

ரீட் தம் நூலின் கைப்படியை ஒரு நண்பர் வாயிலாக ஹியூமுக்கே அனுப்பிக் கருத்துக் கேட்டார். ஹியூமும் பண்போடு மறுமொழி எழுதினார். 1763இல் ஹியூமுக்கு எழுதிய கடிதத்தில் ரீட், மெய்யியலில் தம்மை அவருடைய மாணவர் என்றே குறிப்பிட்டு, மற்ற எல்லாருடைய நூல்களிலிருந்தும் கற்றதைவிட அவரிடம் கற்றதே மிகுதி என்று எழுதினார். ஹியூம் எழுதுவதை நிறுத்திவிட்டால் தம் கழகத்தில் விவாதிக்கப் பொருள் இல்லாமல் போய்விடும் என்றும் கூறினார். கொள்கையில் இரு துருவமாய் நின்றவர்கள் நடந்துகொண்ட முறை இது. மாணவர்களின் பட்டிமன்றங்களில் நாம் எடுத்துக்காட்டத் தக்கது.

1764இல் ரீடின் முதற்பெரும் நூல் வெளிவந்தது. இயல்பறிவின் அடிப்படைகளில் நின்று மனித மனத்தை ஆராயும் நூல் அது. அதே ஆண்டில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆடம் ஸ்மித் வகித்துவந்த ஒழுக்க மெய்யியல் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. வகுப்பறைப் பணியிலிருந்து விலகியபின் 1785, 1788 ஆம் ஆண்டுகளில் மேலும் இரு பெருநூல்களை எழுதினார். 1796ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் மறைந்தார்.

ரீட் தந்த விடை

1764ஆம் ஆண்டு நூலின் அமைப்பே நம் கருத்தைக் கவரும். முகர்தல், சுவைத்தல், கேட்டல், தொடுதல், காணுதல் எனப் புலனுக்கு ஒரு பகுதியாக அது செல்கிறது. தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்தில் நாம் ஐம்புலன்களில் தொடங்குவதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

ரோசா மலரை முகர்கிறோம். நமக்குள் எழுகின்ற உணர்ச்சி ஒன்று; மலரில் இருக்கின்ற தன்மை மற்றொன்று. இவ்விரண்டையும் கலந்துவிட்டதே முன்னோர் செய்த பிழை என்றார் ரீட். உள்ளே எழும் உணர்ச்சி, பொருளைப் பார்த்து வரைந்த படம் அன்று. அது ஓர் அடையாளம். சொல் எப்படிப் பொருளைச் சுட்டுகிறதோ அப்படி அது பொருளைச் சுட்டுகிறது. வாசிக்கப் பழகிய சிறுவன் 'மரம்' என்னும் சொல்லைப் படிக்கும்போது எழுத்தின் வளைவுகளை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. அவன் மனம் மரத்துக்கே சென்றுவிடுகிறது. அதுபோலவே உணர்ச்சியாகிய அடையாளத்தைக் கடந்து மனம் பொருளையே நேராக அறிகிறது. ஆகவே பூட்டிய அறையும் சுவர்ப் படங்களும் மெய்யியலார் கட்டிய கற்பனை என்றார் அவர்.

ஹியூம் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லியிருந்தார். மேசையைவிட்டு விலகிச் செல்லச் செல்ல அது சிறிதாகத் தோன்றுகிறது. உண்மையான மேசை சிறிதாவதில்லை. எனவே நாம் கண்டது மேசையை அன்று, அதன் படிமத்தையே என்பது அவர் வாதம். ரீட் இதனைத் திருப்பிப் போட்டார். கையால் அளக்கும் அளவு வேறு. கண்ணுக்குத் தோன்றும் அளவு வேறு. மாறாத அளவுடைய உண்மையான மேசை, தொலைவு கூடக்கூட எவ்வளவு சிறிதாகத் தோன்ற வேண்டும் என்பதை வடிவியல் கொண்டு முன்னரே கணக்கிடலாம். கணக்கிட்டபடியே அது தோன்றுகிறது. அப்படியானால் நாம் காண்பது உண்மையான மேசையைத்தான் என்பதற்கு அன்றோ அது சான்று?

அடுத்த வாதம் இன்னும் அடிப்படையானது. புலன்களை நம்பாதே, பகுத்தறிவை மட்டும் நம்பு என்கிறார் ஐயவாதி. ஏன்? இரண்டும் ஒரே பட்டறையில் ஒரே கைவினைஞர் செய்து நமக்களித்த கருவிகள் என்றார் ரீட். ஒன்று பழுதானது என்று ஐயுற்றால் மற்றதையும் ஐயுறத்தான் வேண்டும். அவ்வாறு ஐயுற்றால் ஐயவாதியின் வாதமும் நிற்காது. ஒருவர் தம் புலன்களை உண்மையிலேயே நம்பாவிட்டால் தூணில் தலையை மோதிக்கொள்வார், சாக்கடையில் கால்வைப்பார். அப்படி எவரும் செய்வதில்லை. ஆகவே ஐயவாதியும் இயல்பறிவை நம்பியே தெருவில் நடக்கிறார்.

ரீட் எல்லாவற்றையும் நம்பச் சொன்னாரா? இல்லை. ஒரு கருத்து இயல்பறிவைச் சேர்ந்ததா என்று அறியச் சில அளவுகோல்களை வகுத்தார். அது நாடு, மொழி, கல்வி கடந்து எல்லாரிடமும் காணப்பட வேண்டும். மொழிகளின் அமைப்பிலேயே அது பதிந்திருக்கும். கல்வியோ சுற்றத்தாரின் தாக்கமோ ஏற்படுவதற்கு முன்பே அது தோன்றும். அதற்கு எதிரானது பொய்யாக மட்டுமன்றி நகைப்புக்கும் உரியதாக இருக்கும். அது இன்றி அன்றாட வாழ்வை நடத்த இயலாது. 1785ஆம் ஆண்டு நூலில் இத்தகைய அடிப்படைகள் பன்னிரண்டைப் பட்டியலிட்டார். தெளிவாக நினைவில் உள்ளவை நிகழ்ந்தவையே; புலன்களால் தெளிவாக அறியும் பொருள்கள் உள்ளவையே; நம் முன் நிற்கும் மனிதருக்கும் நம்மைப் போல் உயிரும் அறிவும் உண்டு; முகக்குறிப்பும் குரலும் உள்ளத்தை உணர்த்தும்; பிறர் கூறும் சான்றுக்கு ஒரு மதிப்பு உண்டு; இயற்கை இதுவரை நடந்தது போலவே இனியும் நடக்கும் என்பன அவற்றுள் சில.

கோட்பாடுகளை இயல்பறிவோடு உரசிப் பார்ப்பதில் அவர் வல்லவர். ஒருவர் அதே ஆளாகத் தொடர்வது நினைவினாலேதான் என்றார் லாக். ரீட் ஒரு கதை சொன்னார். பழத்தோட்டத்தில் திருடியதற்காகப் பள்ளியில் அடிவாங்கிய சிறுவன் ஒருவன், வளர்ந்து போர்வீரனாகிப் பகைவரின் கொடியைக் கைப்பற்றினான். முதுமையில் படைத்தலைவன் ஆனான். கொடியைக் கைப்பற்றியபோது பள்ளியில் பட்ட அடி நினைவிருந்தது. படைத்தலைவனானபோது கொடி நினைவிருந்தது, அடி மறந்துவிட்டது. லாக் கூறியபடி பார்த்தால், படைத்தலைவனும் வீரனும் ஒருவரே. வீரனும் சிறுவனும் ஒருவரே. ஆனால் படைத்தலைவனும் சிறுவனும் ஒருவர் அல்லர்! கோட்பாட்டில் எங்கோ பிழை இருக்கிறது என்று காட்ட இந்த எளிய கதை போதுமானதாக இருந்தது.

குழந்தையின் நம்பிக்கை

ஆசிரியர்களாகிய நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி 1764ஆம் ஆண்டு நூலின் காணுதல் பற்றிய இயலின் இறுதியில் வருகிறது. மனித இயல்பில் ஒன்றுக்கொன்று பொருந்திய இரு பண்புகள் உள்ளன என்றார் ரீட். ஒன்று, உண்மையைச் சொல்லும் நாட்டம். மற்றொன்று, பிறர் சொல்வதை நம்பும் நாட்டம்.

உண்மை சொல்வதற்கு எவருக்கும் முயற்சி தேவையில்லை. அது தானே நாவில் வரும். பொய் சொல்லத்தான் ஒரு தேவையும் ஒரு முயற்சியும் வேண்டும். பெரும்பொய்யரும் ஒரு பொய் சொல்வதற்குள் பல உண்மைகளைச் சொல்லிவிடுகிறார் என்பது அவர் கருத்து.

நம்பும் நாட்டத்தைப் பற்றி அவர் சொன்ன வாதம் கூர்மையானது. பிறர் சொல்லை நம்புவது ஆராய்ச்சியாலும் அனுபவத்தாலும் வருவதானால், ஆராய்ச்சியும் அனுபவமும் வளர வளர நம்பிக்கையும் வளர வேண்டும். ஒன்றும் அறியாத குழந்தையிடம் அது மிகக் குறைவாக இருக்க வேண்டும். நாம் காண்பதோ இதற்கு நேர்மாறு. குழந்தையிடம்தான் நம்பிக்கை எல்லையின்றி இருக்கிறது. வளர்ந்து, ஏமாற்றங்களைச் சந்தித்த பிறகே அதற்கு ஓர் எல்லை ஏற்படுகிறது. எனவே நம்பிக்கை இயற்கை நமக்கு அளித்த முதற்கொடை. ஐயம் பின்னர் வருவது. அந்தக் கொடை இல்லையேல், தன் தாய் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று கேட்டுக்கொண்டே குழந்தை பேசக் கற்காமலேயே போய்விடும்.

தீயில் சுட்டுக்கொண்ட குழந்தை மறுமுறை தீயை அணுகாது. இயற்கையின் ஒழுங்கை எவரும் சொல்லித் தராமலே அது நம்புகிறது. சினந்த முகத்தைக் கண்டு கைக்குழந்தை அஞ்சுகிறது. புன்னகையைக் கண்டு அமைதியடைகிறது. முகத்தின் பொருளை அது எந்த அகராதியில் கற்றது? இவ்வாறெல்லாம் குழந்தைகளை உற்றுநோக்கி எழுதிய ரீட் ஒன்பது பிள்ளைகளுக்குத் தந்தை. அவர்களுள் ஒரு மகளைத் தவிர மற்ற அனைவரும் அவருக்கு முன்பே இறந்துவிட்டனர் என்பது அவர் வாழ்வின் பெருந்துயரம்.

இயல்பறிவா, ஊர்ப்பேச்சா?

இம்மரபு பேர்பெற்றதற்கும், பின்னர்ப் பெயர் கெட்டதற்கும் ஒருவரே பெரிதும் காரணமானார். அவர் அபர்தீனைச் சேர்ந்த ஜேம்ஸ் பீட்டி. ரீட் பொறுமையாக வாதிட்ட இடத்தில் பீட்டி 1770இல் ஹியூமைக் கடுஞ்சொற்களால் தாக்கி நூல் எழுதினார். அந்நூல் பெரும்புகழ் பெற்றது. 1773இல் அரசர் மூன்றாம் ஜார்ஜ் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை வழங்கினார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் பட்டமளித்தது. ரெனால்ட்ஸ் என்னும் ஓவியர், உண்மையின் தேவதை பொய்மையை வீழ்த்த, பீட்டி அருகில் நிற்பதாக ஓவியம் தீட்டினார்.

இத்தகைய போக்கைத்தான் செருமானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1783இல் கண்டித்தார். வாதிட இயலாதபோது இயல்பறிவைத் துணைக்கழைப்பது, கூட்டத்தின் கைதட்டலைத் தேடுவதற்கு ஒப்பானது என்றார். தச்சுவேலைக்கு உளியும் சுத்தியலும் போதும். செப்புத்தகட்டில் நுண்ணிய கோடு கீறுவதற்கு வேறு ஊசி வேண்டும் என்பது அவர் தந்த உவமை. காண்டின் கண்டனத்தில் பீட்டியோடு ரீடும் சேர்த்தே குறிக்கப்பட்டார். ரீடின் நுட்பமான வாதங்களுக்கு அது முழுவதும் பொருந்தாது. ஆயினும் எச்சரிக்கை நியாயமானது. 'எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்' என்பது ஒருபோதும் சான்று ஆகாது.

இங்கே வரலாறு நமக்கு வியப்பான பாடமொன்றை வைத்திருக்கிறது. மேசையையும் 'நான்' என்பதையும் ஐயுற்ற அதே ஹியூம், 1753இல் தம் கட்டுரை ஒன்றில் சேர்த்த அடிக்குறிப்பில், வெள்ளையர் அல்லாத இனத்தார் இயற்கையிலேயே தாழ்ந்தவர் என்று எழுதினார். அந்தக் கருத்தை மட்டும் அவர் ஐயுறவில்லை. அதனை 1770இல் எடுத்து மறுத்தவர் பீட்டி. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பிரித்தானியரும் ஐரோப்பியரும் அவ்வாறே இருந்தனர் என்றும், பெருவிலும் மெக்சிகோவிலும் பேரரசுகள் இருந்தன என்றும் எடுத்துக்காட்டினார். அடிமை முறையையும் எதிர்த்தார். மெய்யியல் நுட்பத்தில் ஹியூமுக்கு ஈடாகாதவர், இந்த ஓரிடத்தில் அவரினும் தெளிவாகப் பார்த்தார்.

ரீடின் அளவுகோல்களை இங்கே பொருத்திப் பாருங்கள். நிறத்தால் உயர்வு தாழ்வு என்பது எல்லா நாட்டினருக்கும் பொதுவானதா? கல்விக்கும் சுற்றத்தின் தாக்கத்துக்கும் முன்பே குழந்தையிடம் தோன்றுவதா? அது இன்றி வாழ்வு நடவாதா? எந்த அளவுகோலிலும் அது நிற்காது. சாதியுணர்வும் அப்படியே. அது ஊர்ப்பேச்சு, இயல்பறிவு அன்று. எதிரே நிற்பவர் நம்மைப் போலவே உயிரும் அறிவும் உள்ளவர் என்பதே இயல்பறிவு.

கடல் கடந்த மரபு

1768இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துப் பாதிரியார் ஜான் விதர்ஸ்பூன் அமெரிக்கா சென்று, பின்னாளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமான கல்லூரியின் தலைவரானார். இம்மரபின் கருத்துகளை அங்கே கற்பித்தார். பின்னர் அமெரிக்காவின் நான்காம் அதிபரான ஜேம்ஸ் மேடிசன் அவருடைய மாணவர். 1776இல் விடுதலைச் சாற்றுரையில் விதர்ஸ்பூனும் கையொப்பமிட்டார். அதே ஆண்டில் தாமஸ் பெயின் எழுதிய புகழ்பெற்ற சிறுநூலின் பெயரும் 'காமன் சென்ஸ்' என்பதே. அப்பெயரை முன்மொழிந்தவர் எடின்பரோவில் மருத்துவம் பயின்ற பெஞ்சமின் ரஷ். விதர்ஸ்பூனை அமெரிக்காவுக்கு வருமாறு இசைவித்தவர்களுள் அவரும் ஒருவர்.

எடின்பரோவில் டியூகல்ட் ஸ்டுவர்ட் 1785 முதல் பல்லாண்டுகள் கற்பித்து இம்மரபை வளர்த்தார். பிரான்சில் 1811 முதல் ருவாயே கொலார் ரீடின் கருத்துகளைப் பரப்பினார். 1846இல் வில்லியம் ஹாமில்டன் ரீடின் நூல்களைத் தொகுத்து வெளியிட்டார். 1865இல் ஜான் ஸ்டுவர்ட் மில் ஹாமில்டனைக் கடுமையாகத் திறனாய்ந்து எழுதிய பின்னர் மரபின் செல்வாக்குத் தேய்ந்தது.

ஆனால் கேள்வி மறையவில்லை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி. இ. மூர் 1925இல் இயல்பறிவுக்கு ஆதரவாகக் கட்டுரை எழுதினார். 1939இல் ஓர் உரையில் தம் இரு கைகளையும் ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டி, இதோ ஒரு கை, இதோ மற்றொரு கை, ஆகவே வெளியுலகம் உண்டு என்று வாதிட்டார்.

மூரின் வாதத்தைப் பற்றி வாழ்வின் இறுதிவரை எண்ணிக்கொண்டிருந்தவர் லூத்விக் விட்கென்ஸ்டைன். அவர் நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. வியன்னாவில் ஆசிரியர் பயிற்சி பெற்று, 1920 முதல் 1926 வரை ஆஸ்திரியாவின் மலையோரச் சிற்றூர்களில் தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். மாணவர்களுக்காக ஓர் அகராதியும் தொகுத்தார். ஆனால் சிறுவர்களை அடிப்பவராகவும் இருந்தார். 1926இல் அவரிடம் அடிவாங்கிய சிறுவன் ஒருவன் மயங்கி விழ, அவர் பள்ளியைவிட்டு விலகினார். பேரறிஞர் என்பதற்காக அச்செயலை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1951ஆம் ஆண்டு ஏப்ரலில் இறப்பதற்கு இரு நாள் முன்புவரை அவர் எழுதிய குறிப்புகள் 1969இல் நூலாயின. பெரியவர்களை நம்பியே குழந்தை கற்கிறது. ஐயம் நம்பிக்கைக்குப் பின்னரே வருகிறது என்பது அதில் திரும்பத் திரும்ப வரும் கருத்து. எதைச் சொன்னாலும் குறுக்கிட்டு, இப்பொருள் உண்மையிலேயே உள்ளதா, வரலாறு உண்மையிலேயே நடந்ததா என்று ஐயுற்றுக்கொண்டே இருக்கும் ஒரு மாணவனையும் அவர் கற்பனை செய்கிறார். அம்மாணவன் நுட்பமானவன் அல்லன். கேள்வி கேட்பதை இன்னும் கற்றுக்கொள்ளாதவன் என்பதே அவர் தீர்ப்பு. கதவு திறந்து மூட வேண்டுமானால் கீல் அசையாமல் இருக்க வேண்டும் என்றும் அவர் உவமை கூறுகிறார். கேள்விகள் கதவு போன்றவை. அடிப்படை நம்பிக்கைகளே கீல்.

நாம் கொள்ளத்தக்கவை

அண்மைக் காலக் குழந்தை உளவியல் ஆய்வுகள் ரீடின் கருத்தை உறுதிப்படுத்தித் திருத்தவும் செய்கின்றன. 2004 முதல் பால் ஹாரிஸ் முதலிய ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகளில், ஒருவர் தெரிந்த பொருள்களைச் சரியான பெயரால் குறிப்பிட்டார். மற்றொருவர் தவறாகக் குறிப்பிட்டார். பிறகு அறியாத பொருள் ஒன்றுக்கு இருவரும் வெவ்வேறு பெயர் கூறியபோது, நான்கு வயதுக் குழந்தைகள் முன்னர்ச் சரியாகச் சொன்னவரையே பெரும்பாலும் நம்பினர். குழந்தை நம்புகிறது, அதே வேளையில் யார் நம்பத்தக்கவர் என்று கணக்கும் வைத்துக்கொள்கிறது.

இதில் நமக்கு மூன்று செய்திகள் உள்ளன.

முதலாவது, கீழ்நிலை வகுப்புகளில் குழந்தை நம்மை நம்புவதைக் குறைபாடாகக் கருத வேண்டியதில்லை. அந்த நம்பிக்கையே அதன் கற்கும் ஆற்றல். 'சிந்திக்கத் தெரியவில்லை' என்று அவசரப்பட்டு முத்திரை குத்துதல் தகாது.

இரண்டாவது, ஐயுறுவதைக் கற்பிக்கும்போது அதற்குரிய இடத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். இச்செய்தியை யார் சொன்னார், அவருக்கு இது எப்படித் தெரியும், அவர் முன்பு சொன்னவை சரியாக இருந்தனவா என்று கேட்கப் பழகிய மாணவர் பொய்ச் செய்தியை இனங்காண்பார். எதையுமே நம்ப முடியாது என்று மட்டும் கற்ற மாணவர், மருத்துவரையும் புரளி பரப்புவோரையும் ஒரே தட்டில் வைத்துவிடுவார்.

மூன்றாவது, நம்மைப் பற்றியது. அழுகையை நிறுத்தப் பெற்றோர் சொல்லும் சிறுபொய். 'நாளை வாங்கித் தருகிறேன்' என்று சொல்லி மறந்துவிடும் வாக்குறுதி. விடை தெரியாதபோது ஆசிரியர் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பது. இவற்றை நாம் மறந்துவிடுவோம். குழந்தையின் கணக்கில் அவை பதிந்துவிடும். 'எனக்குத் தெரியவில்லை, பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்' என்று கூறி மறுநாள் மறவாமல் சொல்லும் ஆசிரியர், அந்தப் பாடத்தோடு வேறொரு பெரிய பாடத்தையும் நடத்திவிடுகிறார்.

நம்மிடம் வரும் குழந்தை தன் நம்பிக்கை முழுவதையும் முன்கூட்டியே நம் கையில் தந்துவிடுகிறது. நாம் அதற்குத் தகுதியுடையவரா என்று அது ஆராய்ந்து தரவில்லை. தகுதியுடையவராய் இருக்க வேண்டிய கடமை நம்முடையது. பிள்ளைகளுக்கு ஐயுறவும் கற்றுக்கொடுப்போம். அதற்கு முன்பு நாம் நம்பத்தக்கவர்களாய் இருப்போம்.